கம்பியாரின் வேலை எடை

நான் விசாரணை கவுன்ட்டரில் இருக்கிறேன். ஒரு நாளைக்குக் குறைந்தது இருநூறு பேர் கண்ணாடியின் வட்ட ஓட்டையில் வாயை வைத்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "மேடம், எந்த முனையிலேர்ந்து பார்த்தா நல்லா இருக்கும்?"

வாசல் பலகையில் 'மாபெரும் பள்ளத்தாக்கு' என்று எழுதியிருக்கும். இங்கே வேலை பார்ப்பவர்களுக்கு அது வெறும் பள்ளம். "பள்ளத்துக்குக் கிளம்பியாச்சா?", "இன்னிக்குப் பள்ளத்துல கூட்டமா?" என்றுதான் பேசிக்கொள்வோம். அதன் விளிம்பை ஒட்டி நாலரைக் கிலோமீட்டருக்குள் ஐந்து காட்சிமுனைகள். ஐந்திலிருந்தும் தெரிவது அதே பள்ளம்தான். ஆனால் எது நல்ல முனை என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அவரவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

மேலாளர் ஒன்றாம் முனை என்பார். அது வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கம், அவருக்கு முட்டிவலி. சுற்றுலா வேன் ஓட்டும் அண்ணன் இரண்டாம் முனை என்பார். அங்கேதான் கீழே ஓடும் ஆறு தெரியும் என்று காரணம் சொல்வார். அங்கேதான் வேனை நிழலில் போட்டுவிட்டுத் தூங்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். உணவகத்து அம்மாவுக்கு மூன்றாம் முனை. அங்கே பள்ளம் ஒரே செங்குத்து. எட்டிப் பார்த்தவர்கள் தலை சுற்றித் திரும்பி வந்து, பொத்தென்று உட்கார்ந்து, ஏதாவது வாங்கிக் குடிப்பார்கள். நான் கேட்பவர் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். ரொம்பப் பேசுகிறவராகத் தெரிந்தால் ஐந்தாம் முனைக்கு அனுப்பிவிடுவேன். அதுதான் தூரம். திரும்பி வந்து அடுத்த கேள்வி கேட்க இரண்டு மணி நேரமாவது ஆகும்.

காரணத்தை மறைக்காமல் பதில் சொல்கிற ஒரே ஆள் என் அக்கா வீட்டுக்காரர்தான். கவுன்ட்டர் பக்கம் வரும்போது யாராவது கேட்டுவிட்டால் என்னை முந்திக்கொள்வார்.

"நாலாவது முனைதாங்க. கண்ணை மூடிக்கிட்டுப் போகலாம். ஒவ்வொரு காலுக்கும் ஆறு போல்ட். மத்த இடத்துல எல்லாம் நாலுதான்."

கேட்டவர் என்னைப் பார்ப்பார். நான் கூரையைப் பார்ப்பேன்.

அத்தான் இங்கே தடுப்புக்கம்பி பரிசோதகர். முனைகளில் ஜனங்கள் பள்ளத்துக்குள் விழாமல் இருக்கக் கம்பித் தடுப்பு போட்டிருக்கிறதே, அதைத் தினமும் சரிபார்ப்பது அவர் வேலை. அதனால் பெயர் கம்பியார். ஐந்து முனைகளிலும் சேர்த்து இருநூற்றுப் பன்னிரண்டு தடுப்புகள். காலையில் கதவு திறப்பதற்கு முன்னால் போல்ட்டைப் பார்த்து, துருவைப் பார்த்து, கடைசியில் ஒவ்வொரு தடுப்பிலும் முழு உடம்பையும் போட்டுச் சாய்ந்து பார்க்க வேண்டும். அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் முதுகு, பிறகு தோள், பிறகு வயிறு. தடுப்புக்கு மூன்று சாய்வு. சாய்ந்ததும் நோட்டை எடுத்து எழுதுவார். 'சாய்ந்தேன். தாங்கியது.' பத்தொன்பது வருட நோட்டுகள் சாமான் அறையில் அடுக்கியிருக்கின்றன, எல்லாவற்றிலும் இந்த இரண்டே வார்த்தைகள்தான். உலகத்திலேயே சாய்ந்து சாய்ந்து முன்னுக்கு வந்தவர் கம்பியார் ஒருவர்தான் என்று வேன் அண்ணன் சொல்வார்.

பள்ளத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒன்றாம் முனைக் கம்பியைத் தடவிக் காட்டினார்.

"பாத்தியா? இங்க பெயின்ட் எல்லாம் உள்பக்கமாத்தான் தேஞ்சிருக்கு. முதுகு பட்டுத் தேஞ்சது. வர்றவங்க பள்ளத்துக்கு முதுகைக் காட்டிட்டு நின்னு போட்டோ எடுத்துட்டுப் போயிடுறாங்க. மூணாவதுல கைப்பிடி தேஞ்சிருக்கும், பயத்துல இறுக்கிப் பிடிக்கிறாங்க. ரெண்டாவதுல தேய்மானமே கிடையாது. நின்னு கையை நீட்டிக் காட்டிட்டே இருப்பாங்க, சாய மாட்டாங்க. நாலாவதுல மட்டும்தான் மேல்கம்பி தேஞ்சிருக்கு. முழங்கை. அங்க கொஞ்சம் பேர்தான் வர்றாங்க. வந்தவங்க முழங்கையை ஊனிக்கிட்டு ரொம்ப நேரம் நிக்கிறாங்க."

"அங்க அப்படி என்ன தெரியுது அத்தான்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் கம்பியையில்ல பாக்குறேன்."

அந்த நாலாம் முனையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். ஒருநாள் காலையில் ஒரு தடுப்பில் முதுகைக் கொடுத்தபோது, கால் ஒன்று போல்ட்டோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. நல்லவேளை, இந்தப் பக்கமாக உட்கார்ந்தார். கயிற்றைக் கட்டி, ஆள் போகாமல் மறித்துவிட்டு வந்தார். மத்தியானம் பெரிய உடம்புக்காரர் ஒருவர் வந்து, சரியாக அந்த இடத்தில்தான் நின்று பார்ப்பேன் என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு தகராறு செய்தார். அத்தான் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி.

"உங்க எடை என்னங்க?"

"நூத்தி ஆறு. ஏன்?"

அத்தான் ஏன் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னார். "நான் எழுபது கிலோ ஆளா இருந்திருந்தா அந்தக் கால் அசைஞ்சே இருக்காது. தாங்கியதுன்னு எழுதிட்டு வந்திருப்பேன். மத்தியானம் அந்த மனுஷன் போயிருப்பாரு."

அன்றிலிருந்து நூற்றாறு கிலோதான் அவருடைய வேலை எடை. அவருக்குத் தெரிந்து பள்ளத்துக்கு வந்த மிகப் பெரிய மனிதரின் எடை அது. அந்த எடைக்குக் கீழே இறங்குவது கடமை தவறுவது என்று முடிவு கட்டிவிட்டார். கட்டிலுக்கு அடியில் எடை பார்க்கும் மெஷின் இருக்கும். மாதம் பிறந்தால் ஏறி நிற்பார். நூற்று நான்கு என்று காட்டினால், "இது ஆபீஸ் விஷயம்" என்று சொல்லிக்கொண்டு இரண்டு முறை சாப்பாடு கேட்டு வாங்குவார். அக்காவும் சளைக்காமல் பரிமாறினாள். அந்தப் பாவத்தில் அவளுக்கும் பாதிப் பங்கு உண்டு.

இந்தப் பரிமாறல் போன வருடம் டாக்டர் அறையில் முடிந்தது. ஊழியர்களுக்கு வருடம் ஒருமுறை உடம்பைப் பரிசோதிப்பார்கள். ஒல்லியான டாக்டரம்மா, வார்த்தையும் ஒல்லிதான், கொழுப்பே இருக்காது. அத்தானை உட்காரவைத்து, அக்காவைப் பார்த்துப் பேசினார்.

"சுமை தாங்காம இதயம் பெருத்திருக்கு. ஆறு மாசத்துல பதினஞ்சு கிலோ குறையணும். ஜீப்ல போறதை விட்டுட்டு நடக்கணும்."

"குறையலைன்னா?" என்றாள் அக்கா.

"குறையலைன்னா அடுத்த தடவை நடந்து வர மாட்டார். தூக்கிட்டுத்தான் வரணும். அதுக்கும் நாலு பேர் பத்தாது."

அத்தான் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது வழியெல்லாம் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில்தான் விட்டாள்.

மறுநாளே, "சரி, குறைச்சுடலாம்" என்றார் அத்தான். எனக்கு அப்போதே சந்தேகம். சொன்ன உடனே சம்மதிக்கிற ஆண்களை நான் நம்புவதில்லை. ஆனால் மனிதர் நிஜமாகவே சாப்பாட்டைப் பாதியாக்கினார். ஜீப்பை விட்டார். ஒன்றாம் முனையிலிருந்து ஐந்தாம் முனை வரை நடை, அங்கிருந்து திரும்பவும் நடை. முதல் மாதம் மூன்று கிலோ, அடுத்த மாதம் மூன்று, மூன்றாம் மாதம் இரண்டு. அக்கா அவருடைய சட்டைகளைப் பிடித்துத் தைத்தாள். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

எடை குறைகிறது, ஆனால் ஆள் தேறவில்லை. ஆபீஸ் வாசலில் இருக்கும் ஐந்து படி ஏறுவதற்குள் இரண்டு முறை நின்றார். முன்பு எட்டரைக்குள் முடிகிற வேலை பதினொரு மணி வரை இழுத்தது. தோளில் எப்போதும் ஒரு பெரிய பை வேறு.

"பையில என்ன அத்தான்?"

"சாமான்."

"என்ன சாமான்?"

"வேலைச் சாமான்." பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைக்க முடியும்? ஒருநாள் பத்து மணிக்கு, தொப்பி போட்ட ஒரு பெரியவர் ஓட்டையில் வாயை வைத்தார். அதே கேள்விதான் வரப்போகிறது என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"ஏம்மா, மூணாவது முனையில ஒருத்தர் முதுகுல மூட்டையைக் கட்டிக்கிட்டு, கம்பியில சாயறார், எழுந்திரிக்கிறார், மறுபடி சாயறார். பார்க்கவே பயமா இருக்கு. ஏதாவது தண்டனையா?"

கவுன்ட்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அத்தான் கம்பிக் காலில் முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது, உதடு நீலம். சட்டை பிழிந்தால் ஒரு வாளி தேறும். தண்ணீர் கொடுத்து, அவர் நோட்டாலேயே விசிறி, முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பிய பிறகுதான் பையைத் திறந்தேன். உள்ளே கிழிந்த தலையணை உறையில் தைத்த சின்னச் சின்னப் பொட்டலங்கள். எண்ணினேன். எட்டு. ஒவ்வொன்றிலும் தேதி போட்டிருந்தது.

"இது என்ன?"

"மணல்."

"மணல் எதுக்கு?"

"எட்டு கிலோ குறைஞ்சிருக்கேன். எட்டு கிலோ போட்டிருக்கேன்." ஏதோ சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். "வீட்டுல குறையணும்னாங்க, குறைச்சாச்சு. வேலையில குறையக் கூடாது. ரெண்டு பேருக்கும் பாதகமில்லாம ஒரு வழி."

பழைய எடையை ஜீப்பில் வைத்துக் கொண்டுபோனவர், அதே எடையை இப்போது காலால் நடந்து சுமந்திருக்கிறார், மூன்று மாதமாக, போக வர ஒன்பது கிலோமீட்டர். இந்த யோசனை நாட்டில் வேறு எந்த மண்டையிலும் உதித்திருக்காது. எனக்கு வந்த கோபத்தில் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பள்ளத்துக்குள் வீசியிருப்பேன், ஆனால் கீழே குப்பை போடக் கூடாது என்று நான்தான் பலகை எழுதி வைத்திருக்கிறேன்.

"உங்கக்காகிட்ட சொல்லிடாதம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்ல மாட்டேன்" என்றேன். என் வாயில் எது தங்கும்? அரை மணி நேரத்தில் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

அக்கா விடுதியின் சலவை அறையில் வேலை பார்க்கிறாள். நீராவியும் சோப்பு வாசனையுமாக, சுவரெல்லாம் வியர்த்துக்கொண்டிருக்கும் அறை. ஈரப் படுக்கை விரிப்பை ஒரே தூக்கில் மெஷினிலிருந்து எடுத்துப் போடுவாள். நான் சொல்லி முடிக்கும்வரை கையிலிருந்த விரிப்பைக் கீழே வைக்கவில்லை. "என் தலையணை உறையா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. சத்தம் போடுகிற அக்காவைச் சமாளிக்கலாம்.

மறுநாள் மனுஷனையும் மணலையும் சேர்த்து டாக்டரிடம் கொண்டுபோனாள். டாக்டரம்மா பையோடு அவரை மெஷினில் ஏற்றினார். நூற்றாறு. முள் இத்தனை வருடப் பழக்கத்தில் அதே இடத்தில் போய் நின்றது.

"உங்க இதயத்துக்கு இது சதை, இது மணல்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியும்னு நினைச்சீங்களா?"

"அது என்னோடது இல்லைல்ல டாக்டர், ஆபீஸோடது" என்றார் அத்தான்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். நடக்கலாம், சாயலாம், சுமை தூக்கக் கூடாது. மேலாளர் பயந்த மனிதர். எதற்கு வம்பு என்று அத்தானைக் கொண்டுவந்து என் கவுன்ட்டரில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்.

அவர் அங்கே இருந்த மூன்று நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எந்த முனை நல்ல முனை என்று யார் கேட்டாலும், அத்தான் முதலில் அவர்கள் உடம்பை மேலும் கீழும் பார்ப்பார். "நீங்க தொண்ணூறு இருப்பீங்களா? அப்ப அஞ்சாவதுக்குப் போகாதீங்க. இன்னிக்கு அங்க யார் சாய்ஞ்சாங்கன்னு தெரியாது." ஒரு அம்மா கோபித்துக்கொண்டு புகார்ப் புத்தகம் கேட்டார். நான் கொடுத்தேன்.

அவருக்குப் பதிலாகச் சாய்ந்தது மேலாளர்தான். ஐம்பத்தாறு கிலோ. முட்டிவலியோடு போய், கம்பியில் ஒரு சட்டையைக் காயப்போட்டதுபோல் சாய்ந்துவிட்டு வந்தார். அத்தானுக்குச் சோறு இறங்கவில்லை. அவரைச் சமாதானப்படுத்துவதற்காகத் தலைமை அலுவலகத்து இன்ஜினியரைப் போனில் பேசவைத்தார் மேலாளர்.

"கம்பியாரே, நீங்க கவலையே படாதீங்க. அது கூட்டத்துக்காகக் கட்டினது. ஒரு தடுப்புல பத்து பேர் சேர்ந்து தள்ளினாலும் நிக்கணும். போல்ட்டைப் பாருங்க, துருவைப் பாருங்க, ஆட்டிப் பாருங்க, அது போதும். உங்க நூத்தி ஆறெல்லாம் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். போனை வைத்த அத்தான் குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார். இத்தனை வருடம் உடம்பை வளர்த்ததே ஒரு பொருட்டில்லை என்றால் மனிதர் என்ன செய்வார்? பாவமாக இருந்தது. பரிதாபப்பட்டு அவருக்கு ஒரு டீ வாங்கி வரப் போனேன். திரும்பி வந்தால் ஆள் இல்லை. வெளியே வேன் அண்ணனோடு தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"ஏம்மா, உங்க அத்தானுக்கு என்ன ஆச்சு? வேன்ல அறுநூறு கிலோ மணல் ஏத்துமான்னு கேக்குறாரு. பத்து ஆளோட எடையாம்."

டீயை நானே குடித்துவிட்டேன். அப்புறம் அவர் கையைப் பிடித்து, சலவை அறைக்கு இழுத்துக்கொண்டுபோய் அக்கா முன்னால் நிறுத்தி, அறுநூறு கிலோவைச் சொன்னேன்.

அக்கா அப்போதும் சத்தம் போடவில்லை. காய்ந்த விரிப்பு ஒன்றை எடுத்து, இரண்டு முனையை அவர் கையில் கொடுத்தாள். "பிடிங்க" என்றாள். அவர் பிடித்தார். இருவரும் உதறி மடிக்க ஆரம்பித்தார்கள். இழுத்துப் பிடிப்பதும் கிட்டே வருவதுமாக இரண்டு விரிப்பு மடித்தாயிற்று. மூன்றாவதை எடுக்கும்போது கேட்டாள்.

"ஏங்க, பள்ளத்துக்குத் தனியா வந்து தனியா சாயறவங்க எத்தனை பேர் இருப்பாங்க?"

அத்தான் யோசித்தார். வேலை விஷயமாகக் கேட்டால் அவர் எப்போதும் யோசித்துத்தான் சொல்வார். "ரொம்பக் கம்மி. ஜோடியா வருவாங்க. குடும்பமா வருவாங்க. ஒருத்தர் சாய்ஞ்சா பக்கத்துலயே இன்னொருத்தரும் சாய்வாங்க."

"அப்ப இத்தனை வருஷமா நீங்க தனி ஆளாச் சாய்ஞ்சு என்னத்தைக் கண்டுபிடிச்சீங்க?"

விரிப்பு அவர் கையில் அப்படியே நின்றது.

"நான் எழுபத்தொண்ணு. நீங்க இப்போ தொண்ணூத்தெட்டு. கூட்டிப் பாருங்க."

"நூத்தி அறுபத்தொம்பது" என்றார். கண் கொஞ்சம் விரிந்தது.

"நான் வர்றேன். காலையில உங்களோட வந்து சாயறேன். நானும் இந்த ஆபீஸ்ல சம்பளம் வாங்கறவதான், யாரும் கேட்க முடியாது. மணலைவிட நான் என்ன குறைச்சலா?"

"உனக்குச் சாயத் தெரியாதும்மா. அதுக்கு ஒரு முறை இருக்கு. முதல்ல முதுகு..."

அங்கேதான் அக்கா உடைந்துபோனாள். கையிலிருந்த விரிப்பைக் கீழே போட்டாள். துவைத்த துணியை அவள் தரையில் போட்டு நான் பார்த்ததே இல்லை.

"மூணு மாசமாத் தூங்கலைங்க நான். நீங்க தூங்கினதும் மூக்குக்கிட்ட கையை வெச்சு வெச்சுப் பார்க்கிறேன், மூச்சு வருதான்னு. சட்டையைப் பிடிச்சுத் தைச்சு, ஆள் தேறிட்டு வர்றாருன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். நீங்க என் தலையணை உறையில மண்ணைக் கட்டிக்கிட்டுப் போயிருக்கீங்க. யாரோ முகம் தெரியாதவங்க வந்து சாய்ஞ்சாக் கம்பி தாங்குமான்னு இருநூத்திப் பன்னெண்டு இடத்துல பார்க்கிறீங்களே, நீங்க போயிட்டா நான் தாங்குவேனான்னு ஒரு இடத்துலயாவது பார்த்தீங்களா?"

மெஷின் ஒன்று சுற்றி முடிந்து நின்றது. வெளியே போய்விடலாமா என்று நினைத்தேன், போகவில்லை. அத்தான் குனிந்து விரிப்பை எடுத்தார். குனிந்து நிமிர்வதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. அதை உதறி, இரண்டு முனையை அக்காவிடம் நீட்டினார்.

"காலையில ஆறரைக்குக் கிளம்பணும்" என்றார். "செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்க."

மேலாளர் சம்மதித்தார். சம்மதிக்காவிட்டால் அவர்தான் சாய வேண்டும். முதல் நாள் நானும் கூடவே போனேன். இவர்கள் இரண்டு பேரையும் நம்பிப் பள்ளத்தின் விளிம்புக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அக்கா பள்ளத்தைப் பார்த்ததே ஒருமுறைதான். கல்யாணமான புதிதில், ஒரு விடுமுறை நாளில், ஒன்றாம் முனையில். அவள் பார்த்தது முழுக்க முன்னால் நின்றவர்களின் தலை. அதற்கப்புறம் கூப்பிட்டபோதெல்லாம், "அதே பள்ளம்தானே, நான் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லிவிடுவாராம். சொல்லத்தான் செய்தார், போல்ட்டைப் பற்றி.

இப்போது ஒன்றாம் முனையில் ஒரு ஈ காக்கை இல்லை. எதிர்ச்சுவரின் உச்சியில் மட்டும் வெயில் விழுந்திருந்தது. அதற்குக் கீழே சிவப்பு, பழுப்பு, கருஞ்சிவப்பு என்று பாறை அடுக்கடுக்காக இறங்கி, இறங்கி, கண்ணுக்கு எட்டாமல் போயிற்று. அக்கா நடந்துகொண்டே வந்தவள் நின்றுவிட்டாள்.

"இவ்வளவு பெருசா?" என்றாள். பிறகு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, இவ்வளவு பெருசுன்னு நீங்க சொல்லவே இல்லையே!"

"நானும் இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார் அத்தான். அவர் சொன்ன விதத்தில், அது பொய் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

முதுகு, தோள், வயிறு என்று வரிசையாகச் சாய்ந்தார்கள். அக்காவுக்கு முதுகுச் சாய்வு பிடிக்கவில்லை. இவ்வளவையும் பின்னால் வைத்துக்கொண்டு எதற்குப் பாதையோரப் புல்லைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். அது விதி என்றார் அத்தான். வயிற்றுச் சாய்வு வந்தால் அவள் எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள். இரண்டாம் முனைக்குப் போவதற்குள் வெயில் பாதிச் சுவர் இறங்கிவிட்டது. அங்கே இருவரும் கம்பியில் வயிற்றைக் கொடுத்துக் கீழே பார்த்துக்கொண்டு நின்றபோது புதுச் சண்டை ஒன்று ஆரம்பமாயிற்று.

"அதோ பாருங்க, ஆறு!"

"அது ரோடும்மா."

"ரோடு எங்கயாவது இப்படி மின்னுமா?"

"மழை பெஞ்சிருந்தா மின்னும்."

"மழை எங்க பெஞ்சது? உங்க வேன்காரரே ஆறுன்னுதான் சொல்றாரு."

"அவன் தூங்குறவன். அவன் பேச்சைக் கேட்கலாமா?"

பத்தொன்பது வருடமாக ஆற்றை ரோடு என்று நம்பிக்கொண்டிருந்த மனிதர் விட்டுக்கொடுப்பாரா? கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். மூச்சு சீராக இருந்தது. முகத்தில் வியர்வை இல்லை. நான் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். தோளில் பை இல்லாமல் அவரைப் பார்ப்பது எனக்கே புதிதாக இருந்தது. கடைசியில் அவர் நோட்டை எடுத்தார். எழுதப் போனவர், பேனாவைப் பிடித்தபடி கொஞ்சம் தயங்கிவிட்டு, 'சாய்ந்தோம். தாங்கியது' என்று எழுதினார்.

"வா, மூணாவதுக்குப் போகலாம். நேரமாகுது."

அக்கா அசையவில்லை. முழங்கையைக் கம்பியில் ஊன்றிக்கொண்டாள்.

"இருங்க. இதைச் சாயங்கால வெயில்லயும் பார்க்கணும் நான். மழை பெய்யும்போது பார்க்கணும், அப்பத்தான் அது ஆறா ரோடான்னு தெரியும். பனி மூடுற மாசத்துல எப்படி இருக்குன்னு பார்க்கணும். அஞ்சு இடத்துலயும் பார்க்கணும்."

"அடேயப்பா. அதெல்லாம் பார்த்து முடிக்க வருஷக்கணக்கா ஆகுமே."

"ஆகட்டும். இருப்பீங்கல்ல?"

கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் போய்விட்டது. அத்தான் நோட்டை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தார். திரும்பி வந்து அவள் பக்கத்தில் கம்பியில் முழங்கையை ஊன்றி நின்றார்.

"இருக்கேன்மா" என்றார்.